திரையில் நின்ற மெஷின்

எனக்கு எப்போதுமே பொறுமை குறைவு. அன்றைக்குச் சுத்தமாக இல்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் அர்த்தனாரியின் ஜவ்வரிசி மில். கொல்லிமலைக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்றிய லாரிகள் வாசலில் காத்து நின்றன. நான் உள்ளே ஒயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இங்கே மெஷின்களுக்கான செய்தியெல்லாம் ஒரே ஒயரில்தான் போகும். ஒன்று போனால்தான் அடுத்தது. எனக்கு முன்பிருந்த இன்ஜினியர், கோயிலில் முதல் மரியாதை கொடுப்பதுபோல மாடி அறையில் முதலாளி பார்க்கும் திரைக்கு முதலிடம் கொடுத்துவிட்டார். அரவை மெஷினை நிறுத்தும் செய்திக்குக் கடைசி இடம். போன வாரம் கேமராக்களையும் அதே ஒயரில் சேர்த்ததில், நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் மெஷின் உடனே நிற்பதில்லை.

அந்த மெஷினுக்குள் கிழங்கு தள்ளுவது கொல்லிமலைக் குண்டூர் நாட்டுப் பாப்பாயி அக்கா.

"ஏனுங்க, ஒரு மணி நேரம் மில்ல நிறுத்துங்க, வரிசைய மாத்திடறேன்" என்று போனில் கேட்டேன்.

"லோடு எறங்கட்டும் அம்மிணி, கெழங்கு கறுத்துப்போயிரும்" என்றார் அர்த்தனாரி. காலையிலிருந்து இதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார முடியாமல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மதியம் ஒரு வேர்க்கட்டை உள்ளே சிக்கியது. அக்கா பொத்தானை அழுத்தினார். மாடி அறையிலிருந்து மைக்கில் அர்த்தனாரியின் குரல் வந்தது.

"நின்னுருச்சு பாப்பாயி, கட்டைய எடுத்து வீசு."

மெஷினின் பற்கள் கிழங்குக்கு அடியில் இருந்ததால், அவை சுற்றுவது அக்காவுக்குத் தெரியவில்லை. நான் நின்ற பக்கம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையை உள்ளே விட்டார். பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்தேன். இருவரும் கிழங்குக் குவியலில் விழுந்தோம். அதற்கப்புறம்தான் பெல்ட் நின்றது.

"மொதலாளிதானே நின்னுருச்சுன்னாரு சாமி" என்றார் அக்கா.

கேமராவில் பார்த்த அர்த்தனாரி செருப்பில்லாமல் ஓடிவந்தார். "திரையில நின்னுருச்சுன்னு காட்டுச்சே?"

"உங்களுக்குச் சொல்லிட்டு அப்பறந்தானுங்க மெஷினுக்குச் சொல்லுது" என்றேன்.

கிழங்குப் பால் ஒட்டிய அக்காவின் விரல்களை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மில் முழுக்க அடங்கியது.

"என்னோட திரையக் கடைசில போட்டுரு" என்றவர், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "இப்ப நெசமா நின்னுருச்சா அம்மிணி?"