பதினேழாம் வசனம்

"இனிமே இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது."

"சரி."

"ஜெபத்துலகூட எடுக்கக் கூடாது."

"ஜெபத்துலகூடவா?"

"மனசுக்குள்ள என்ன வேணா வச்சுக்குங்க. வாய்விட்டு எடுக்கக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"சரி சுகிர்தம். எடுக்கல."

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுகிர்தம் தன் புருஷனிடம் வாங்கிய வாக்கு இது. கோபத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வாக்கு கேட்கிறார்கள். கொடுத்தவர் நாலு நாளில் மறந்துவிடுகிறார், கேட்டவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிடுகிறார். குடும்பங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் மாசிலாமணி வாத்தியார் மறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த 1981 பிப்ரவரி வரை மகள் எப்சிபாவின் பெயர் அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் சுகிர்தத்துக்குத் தெரியவில்லை.

அன்றைய கோபம் ஒன்றும் காரணம் இல்லாத கோபம் அல்ல. எப்சிக்குத் தஞ்சாவூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்து, கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இந்த இரண்டு பேர் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் சபைக்கு நடுவே கேட்பார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை, கல்யாணப் பெண்ணே தடையைச் சொல்லிவிட்டாள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அங்கே அடிக்கடி வந்துபோகும் சுரக்குடி சோமசேகரனோடு ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். நெல் விவசாயக் குடும்பம், பையனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் உத்தியோகம், இந்துக்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஓலையை வாசிக்காமல் நேரே அறிக்கைகளுக்குத் தாவியபோது, பாதி சபை திரும்பி சுகிர்தத்தைப் பார்த்தது. மீதிப் பாதி பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது. இரண்டில் எது அதிகம் சுட்டது என்று அவளால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

சரி, கோபம். ஆனால் கோபத்துக்கும் ஓர் ஆயுசு உண்டல்லவா? சுகிர்தத்தின் கோபம் ஒன்றரை வருஷத்தில் தீர்ந்துபோயிற்று. தீர்ந்த கோபத்தைத் தீர்ந்ததென்று ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு வரவில்லை. இவர் ஒரு நாள் வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்வார், நாம் ஒரு மூச்சு சண்டை போடுவோம், பிறகு அழுவோம், பிறகு பஸ் ஏறுவோம் என்று அவள் மனசுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். இவர் வாய் தவறினால்தானே?

தினமும் காலை ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம். குடும்பம் என்றால் இப்போது இரண்டே பேர். வாத்தியார் வடக்கே பீகாரிலும் ஒரிசாவிலும் ஊழியம் செய்யும் மிஷனரிமார் ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்பார். அவர்களின் மலேரியாவுக்காக ஜெபிப்பார், அவர்களின் சைக்கிளுக்காகக்கூட ஜெபிப்பார். கடைசியில் "எங்கள் குடும்பத்தையும்" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். நாலைந்து மூச்சு நேரம் சத்தம் இருக்காது. பிறகு ஆமென். அந்த நாலைந்து மூச்சுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று சுகிர்தத்துக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே பல்லைக் கடிப்பாள்.

இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. வாத்தியார் தரங்கம்பாடியிலிருந்து வரும் சபை மாத இதழுக்கு அன்றாட தியானம் எழுதுகிறவர். ஆதி சபைக் காலத்தில் அப்போஸ்தலர் எழுதின கடிதங்களான நிருபங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாளுக்கு ஒரு பக்கம். அவருடைய கையெழுத்து அச்சுக்கோர்ப்பவர்களுக்குப் புரியாது என்பதால் சுகிர்தம்தான் நகல் எடுப்பாள். மிஷன் போர்டிங்கில் எட்டாவது வரை படித்தவள், எழுத்து மணி மணியாக இருக்கும். அவர் பள்ளிக்கூடம் போனதும் அடுப்படி வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தால் பதினோரு மணிக்குள் பக்கம் முடிந்துவிடும்.

தீத்துவுக்கு எழுதின நிருபம் மூன்று அதிகாரம். அதைப் பதினைந்து நாளில் முடித்துவிட்டார். அடுத்தது பிலேமோன். அதில் மொத்தமே ஓர் அதிகாரம், இருபத்தைந்து வசனம்.

"ஒரு நாளைக்கு ஒரு வசனமா எழுதலாம்னு இருக்கேன்" என்றார்.

மூன்று அதிகாரத்துக்குப் பதினைந்து நாள், ஒற்றை அதிகாரத்துக்கு இருபத்தைந்து நாள். இது என்ன கணக்கு என்று சுகிர்தம் கேட்டதற்கு, சின்ன நிருபம்தான் ஆழமானது என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆழம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாம் வசனத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒநேசிமு என்கிறவன் பிலேமோன் வீட்டு அடிமை. வீட்டை விட்டு ஓடிப்போய், சிறையில் இருக்கிற அப்போஸ்தலர் பவுலிடம் சேர்ந்து விசுவாசியாகிறான். அவனை மறுபடி அதே வீட்டுக்கு அனுப்பும் பவுல், கையில் ஒரு கடிதமும் கொடுத்தனுப்புகிறார். கடிதத்தின் தொடக்கத்தில் பிலேமோனோடு சேர்த்து அப்பியாள் என்று ஒரு பெண்ணுக்கும் வாழ்த்து வருகிறது. அப்பியாள் பிலேமோனின் மனைவி என்று பலர் சொல்வதாக எழுதிவிட்டு, வாத்தியார் ஒரு முழுப் பக்கம் அவளைப் பற்றியே எழுதியிருந்தார். வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வருவதென்றால் அந்த வீட்டு அம்மாளின் மனசு முதலில் திறக்க வேண்டும் என்பதைப் பவுல் அறிந்திருந்தாராம்.

சுகிர்தம் பேனாவை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் நகல் எடுத்தாள். வேறென்ன செய்வது? அப்பியாளைப் பற்றி எழுதாதே என்று எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் பக்கத்து வீட்டு கமருன்னிசா வந்தாள். மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தவள், தன் வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தாள். மாசமான பெண்களைப் பார்க்கும் இடத்தில் எப்சியையும் அவள் மாமியார் லோகாம்பாளையும் பார்த்தாளாம். எப்சிக்கு எட்டாம் மாசம். வளைகாப்பு நடந்து முடிந்துவிட்டது. தாய்வீட்டு வளையல் என்று போட ஆள் இல்லாமல் லோகாம்பாளே ஒரு ஜோடி கூடுதலாகப் போட்டாளாம்.

"அந்தம்மா நல்ல மாதிரிதான், வாத்தியாரம்மா" என்றாள் கமருன்னிசா. "தலைப்பிரசவம், தாய்வீட்டுலேருந்து வந்து முறையாக் கூப்பிட்டா சந்தோசமா அனுப்புவேன், நாங்களே கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போனா புள்ளைக்குல்ல கேவலம்னாங்க. எப்சியைப் பாக்கத்தான் பாவமா இருந்துச்சு. காலு ரெண்டும் வீங்கியிருக்கு. ஒங்களப் பத்திக் கேட்டுச்சு, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு."

சுகிர்தம் காபி போடுகிறேன் என்று எழுந்தாள். கமருன்னிசா விடுகிறவளா?

"ஒங்க வேதத்துல இதுக்கெல்லாம் ஒண்ணும் போடலியா?"

"எல்லாம் போட்டிருக்கு. அதைத்தான் காப்பி எடுத்துட்டிருக்கேன்" என்றாள் சுகிர்தம்.

அன்றிலிருந்து அவளுக்கு நாட்கள் வசனங்களாகக் கழிந்தன. தலைப்பிரசவம் நாள் தப்பாமல் வரும் என்று யார் சொன்னது? முன்கூட்டியே வலி கண்டால்? சுரக்குடியில் வயலுக்கு நடுவே ஒரு வீட்டில் கிடந்து பெண் துடிக்க, இங்கே இவர் நாலாம் வசனத்தில் பவுலின் நன்றியறிதலை விவரித்துக்கொண்டிருப்பார். ஐந்தாம் வசனம் அன்பு. ஏழாம் வசனம் ஆறுதல். ஒன்பதாம் வசனத்தில் பவுல் தன்னை வயதானவன் என்று சொல்லிக்கொள்கிறார். அன்றைக்கு எழுதிய பக்கத்தில் வாத்தியாரின் இடுப்பு வலிகூட ஜாடையாக வந்திருந்தது.

பத்தாம் வசனத்தில்தான் ஒநேசிமுவின் பெயர் வருகிறது. ஒன்பது வசனம் வரை பவுல் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, பெயரைக் கேட்டாலே வீட்டாருக்குக் கோபம் வரும் என்று அத்தனை தூரம் சுற்றிவந்தார் என்று வாத்தியார் எழுதியிருந்தார். அதை நகல் எடுக்கும்போது சுகிர்தத்துக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பவுலாவது பத்தாம் வசனத்தில் சொல்லிவிட்டார். இவருக்கு எத்தனையாம் வசனமோ?

பன்னிரண்டாம் வசனத்துக்குக் கடல்கடந்து வந்த மிஷனரிமாரைத் துணைக்கு அழைத்திருந்தார். அந்தக் காலத்தில் தரங்கம்பாடியில் இறங்கியவர்கள் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினால் கப்பலில் போய்ச் சேரவே மாதக்கணக்காகுமாம். பதில் வருவதற்குள் தாயே இல்லாமல் போனதும் உண்டாம். ஆனாலும் எழுதினார்களாம், அதுவே விசுவாசமாம். இங்கிருந்து சுரக்குடிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாதே என்று சுகிர்தம் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினாள். அவளே போட்ட பூட்டு. அவளே எப்படி உடைப்பாள்?

பதினைந்தாம் வசனம், கொஞ்ச காலம் பிரிந்துபோனதே என்றைக்குமாகச் சேர்வதற்குத்தானோ என்று பவுல் கேட்கும் இடம். அதை எழுதிய காகிதத்தில் ஓரிடத்தில் மை கலைந்திருந்தது. வியர்வை என்றார். பிப்ரவரி மாசக் காலையில் என்ன வியர்வை?

அடுத்தது பதினாறு. அதற்கடுத்தது பதினேழு. கடிதத்தின் உயிரே அங்கேதான். அத்தனை சுற்றிவந்த பவுல் அங்கேதான் தன் வேண்டுதலைச் சொல்கிறார்: என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனை ஏற்றுக்கொள். பதினேழாம் நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சுகிர்தம் காலையிலேயே தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

ரோமாபுரிச் சாலைகளைப் பற்றி எழுதியிருந்தார்.

சாலைகளின் அகலம், கல் பாவிய விதம், சிறையிலிருந்து பிலேமோன் இருந்த கொலோசெ பட்டணம் எவ்வளவு தூரம், வழியில் எத்தனை சத்திரம். ஒரு பக்கம் முழுக்க அதுதான். அவள் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்னங்க இது?"

வாத்தியார் ஈசிச்சேரில் இருந்து எட்டிப் பார்த்தார். "தியானம்."

"பதினேழாம் வசனத்துக்கா?"

"ஆமா. அந்தக் காலத்துப் பிரயாணம் எவ்வளவு கஷ்டம்னு சபையாருக்குத் தெரிய வேண்டாமா?"

"ரோடு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். பவுல் என்ன கேக்குறாரு, அதைச் சொல்லுங்க."

"ஏத்துக்கச் சொல்லிக் கேக்குறாரு."

"அது எங்க இதுல?"

அவர் மறுபடி ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டார். சுகிர்தம் பேனாவை மூடி வைத்தாள்.

"நான் இதைக் காப்பி எடுக்க மாட்டேன்" என்றாள். "பதினாறு நாளா அப்பியாள்ங்கிறீங்க, பிரிஞ்சவன் சேருவான்ங்கிறீங்க. இதெல்லாம் யாருக்கு எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாதா? தரங்கம்பாடியில உக்காந்திருக்கிறவங்களுக்கா எழுதினீங்க? மொதல்ல படிக்கிறவ நான். வாசப்படி வரைக்கும் வந்து நின்னுட்டு, இப்ப ரோட்டை அளக்குறீங்க."

"நான் வாக்குக் குடுத்திருக்கேனே, சுகிர்தம்."

"குடுத்தீங்க. இல்லேங்கல. மூணு வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாய் தவறின மாதிரி அவ பேரைச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"கத்தியிருப்ப."

"கத்தியிருப்பேன். கத்தி முடிச்சும் இருப்பேன்ல?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மூன்று வருஷமாகத் தன் சொல்லைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்த மனுஷன், அதைக் காத்ததே தப்போ என்று முதல் தடவையாக யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. சுகிர்தத்துக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

"அவளுக்கு எட்டாம் மாசம்" என்றாள், குரல் இறங்கி. "உங்களுக்கு எங்க தெரியப்போவுது."

"தெரியும்."

"எப்படி?"

"சோமசேகரன் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னு சொன்னான்."

"எப்ப?"

"பிலேமோனை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "பேரைச் சொல்லாம உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான், பவுல் சொல்லட்டும்னு."

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பதினேழு நாள். அங்கே பெண்ணின் கால் வீங்கிக்கொண்டிருக்க, இங்கே இந்த மனுஷன் பவுலைத் தூது அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கே தொடங்கி எதைத் திட்டுவது என்று தெரியாமல், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மேசைமேல் போட்டாள்.

"பவுல் சொல்லி முடிச்சாச்சு" என்றாள். "எனக்குப் பவுல் வேண்டாம். நீங்க என்ன கேக்குறீங்க? அதை உங்க வாயால கேளுங்க."

வாத்தியார் ஈசிச்சேரை விட்டு எழுந்தார். இரண்டடி நடந்து வந்து மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷம் வாய்க்குள் கிடந்த பெயர் சட்டென்று வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தார்.

"எப்சியைப் பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், சுகிர்தம். நான் மட்டும் போனா அது முறையில்ல. நீ என்கூட சுரக்குடிக்கு வந்து, லோகாம்பாளம்மாகிட்ட நீயே கேட்டு, நம்ம புள்ளையக் கையைப் புடிச்சு அழைச்சுட்டு வரணும். வர்றியா?"