ஈட்டிக்காரன் வந்து உட்காருகிறான்

ஊரில் உள்ளவர்கள் திட்டுவதைப் படிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒன்பது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. 'நாற்பது நாள் முற்றுகை' என்று கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு சரித்திரச் சண்டை விளையாட்டைச் செய்து விற்கிறோம். வாங்கி விளையாடியவர்கள் கடைப் பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கியோ கவிழ்த்தோ அபிப்பிராயம் எழுதுவார்கள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவற்றைப் படித்து, புகழ், வசை, கோளாறு, சரித்திரப் பிழை என்று நான்கு பெட்டிகளில் பிரித்துப் போடவேண்டும். அவ்வளவுதான் வேலை.

'வாளைத் தூக்கினா வெளக்குமாத்தைத் தூக்கின மாதிரி இருக்கு' என்றால் வசை. 'குதிரை மாடிப்படி ஏறி ராணி ரூமுக்குள்ள போயிடுச்சு, எறக்க வழி தெரியல' என்றால் கோளாறு. 'கோட்டை பிரமாதம், வாடகைக்குக் கெடைக்குமா' என்பதை யோசித்துப் புகழில் போட்டேன். 'அந்தக் காலத்துல சட்டைக்கு ஏது பட்டன்' என்று ஒருவர் கேட்டால் அது சரித்திரப் பிழை. அதற்கென்றே ஒரு வாத்தியார் இருக்கிறார். ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர். திங்கட்கிழமை தோறும் வந்து, நாங்கள் செய்தது எல்லாமே தப்பு என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்.

எங்கள் முதலாளியம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தக் குறையாக இருந்தாலும் இருபது பேராவது சொன்னால்தான் கையை வைப்பார். சரித்திரப் பிழைக்கு மட்டும் ஒருவர் சொன்னாலே போதும், அடுத்த வாரமே திருத்திவிடுவார். சரித்திரம் என்று விளம்பரத்தில் போட்டுவிட்டோமே, மானம் போய்விடுமாம்.

இப்படி ஒரு நாள் 'ஒற்றைச்செருப்பு' என்ற பெயரில் ஒருவர் எழுதியதைத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்தில் அவர் விளையாடிய நேரம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம். எங்கள் ஒன்பது பேரில் யாரும் அதில் பாதிகூட விளையாடியது கிடையாது.

'சண்டை சுமார்தான். நான் சண்டை போட்டே ரொம்ப நாளாச்சு. வடக்கு மதில் கீழ ஒரு படி இருக்கு. அதுல உக்காந்து ஒண்ணுமே பண்ணாம இருந்தா, மேல காவல் நிக்கிற ஈட்டிக்காரன் எறங்கி வந்து பக்கத்துல உக்காருறான். விடியற வரைக்கும் இருக்கான். இந்த விளையாட்டுல எனக்குப் பிடிச்சது அதுதான்.' கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்.

அப்படி ஒரு காரியத்தை நாங்கள் வைக்கவே இல்லை. சோதித்துப் பார்க்க விளையாட்டைத் திறந்து, அந்தப் படியில் போய் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே நின்றவன் ஈட்டியைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பார்க்கும் பக்கமே அவனும் பார்த்தான்.

நாற்பது நிமிஷம் அப்படியே இருந்திருக்கிறேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. எதிர் மேசையில் இருக்கும் புரோகிராமர், சுருட்டை என்று கூப்பிடுவோம், எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, கண்ணு செவந்திருக்கு?"

"தூசி. ஜன்னலைச் சாத்து."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. நல்ல பையன், எழுந்து போய் மறுபடியும் சாத்தினான்.

ஆறு வருடமாகத் தனியாக இருக்கிறேன். பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு பொம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்குக் கண் கலங்குகிறது என்றால் என் பழக்கத்தின் லட்சணம் என்ன என்று எனக்கே தெரிந்துபோயிற்று. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒற்றைச்செருப்பு மேல் பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'முற்றுகை நேரத்தில் காவலன் காவலை விட்டு இறங்குகிறான்' என்று எழுதி, சரித்திரப் பிழைப் பெட்டியில் போட்டேன். கோளாறில் போட்டிருந்தால் இன்னும் பத்தொன்பது பேர் சொல்லும்வரை அங்கேயே கிடந்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

அடுத்த வாரம் திருத்தம் வெளியானது. திருத்தப் பட்டியலில் அது பதினான்காவது வரி. இரண்டு நாள் கழித்து ஒற்றைச்செருப்பின் கட்டைவிரல் கவிழ்ந்திருந்தது. பழைய அபிப்பிராயத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்.

'போன வாரம் வரைக்கும் வந்தான். இப்ப மேலயே நிக்கிறான், திரும்பிக்கூடப் பாக்கல. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? ஒரு தடவை தெரியாம அவன் மேல குதிரையை ஏத்திட்டேன். அதுக்காகவா?'

கம்பெனியில் ஏழு விதமான பதில்கள் தயாராக இருக்கும். நம்பரைத் தட்டினால் போதும், 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று போய்விடும். எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. நானே எழுதினேன். 'நீங்க ஒரு தப்பும் பண்ணல. அவன் எறங்கி வந்ததே எங்க புரோகிராம்ல இருந்த கோளாறு. அதைக் காட்டிக்கொடுத்தது நான்தான். மன்னிச்சுடுங்க. உங்ககிட்ட பேசணும்போல இருக்கு.' கடைசி வரியை இரண்டு தடவை அழித்துவிட்டு மூன்றாவது தடவை விட்டுவைத்தேன். 'இன்னும் படிக்கப்படவில்லை' என்று அடியில் காட்டியது.

மறுநாளும் அப்படியே காட்டியது. ஆனால் அவருடைய விளையாடிய நேரம் மட்டும் மூன்று மணி கூடியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் மூன்று. ஈட்டிக்காரன் வராத கோட்டையில் அந்த மனிதர் என்னதான் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

சுருட்டையிடம் போய் நின்றேன். "அந்தப் பதினாலாவது வரியைத் திருப்பி எடுத்துடு."

"எடுக்கலாம்க்கா, பத்து நிமிஷ வேலை. முதலாளியம்மா கேட்டா யாரு பதில் சொல்றது?"

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். வழக்கமாக அந்தக் கூட்டத்தில் நான் எண்ணிக்கைகளைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஈட்டிக்காரன் மறுபடி இறங்கி வரவேண்டும் என்றேன்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதானே தப்புன்னு சொன்னீங்க. இப்ப எத்தனை பேர் கேக்கறாங்க?"

"ரெண்டு பேர்."

"பட்டியல்ல ஒருத்தர்தானே இருக்கார். இன்னொருத்தர் யாரு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. படம் வரைகிற பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டாள், சுருட்டை தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினான். ஆறு வருடமாக நான் பொத்திவைத்திருந்தது மேசை மேல் கிடந்தது. கூசிப்போய் நின்றேன்.

வாத்தியார்தான் வாயைத் திறந்தார். போச்சு, முற்றுகையில் காவலை விட்டவன் தலை தப்பாது என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ராத்திரி முழுக்க ஒரே ஆள் காவல் நிக்கிறதே தப்பும்மா. மனுஷன்தானே அவன். எந்தக் கோட்டையிலயும் காவல் முறை மாறும். மேல இன்னொருத்தனை நிக்க வைங்க. இவன் முறை முடிஞ்சு கீழ வந்தா, எங்க உக்காந்தா நமக்கென்ன?"

"அப்ப இத்தனை நாள் ஒருத்தனையே நிக்கவச்சது?" என்றார் முதலாளியம்மா.

"அதுதான் சரித்திரப் பிழை. நான் முதல் நாளே சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

ஒருவர் சொன்னாலே போதும் என்ற சட்டம் இருக்கிறதே, அதனால் மேற்கொண்டு பேச்சில்லை. மாற்று ஆளை வரைந்து, நடக்கவிட்டு, சோதித்து முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கூட்டம் நடந்த அன்றைக்கு வாத்தியாருக்கு டீயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றார்.

அந்த நாட்களில் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒற்றைச்செருப்பின் பக்கத்தைத்தான் திறப்பேன். என் பதில் படிக்கப்படாமலே இருந்தது. நேரம் மட்டும் மூன்று மூன்று மணியாக ஏறிக்கொண்டே இருந்தது. அவர் பதில் எழுதினால் என்ன எழுதுவது என்று வீட்டில் தனியாகச் சாப்பிடும்போது யோசித்து வைப்பேன். எந்த ஊர், எத்தனை வயது, கண் வலிக்கவில்லையா என்றெல்லாம் கேட்க நினைத்தேன்.

திருத்தம் வெளியான மறுநாள் காலை அவருடைய கட்டைவிரல் நிமிர்ந்திருந்தது.

'தெனமும் அந்தப் படியில உக்காந்து அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். வாய்விட்டே கேட்டேன், வீட்ல வேற யாரு இருக்கா சிரிக்க. இருபத்தோரு நாள். நேத்து எறங்கி வந்துட்டான். அவனுக்குத் துணைக்கு மேல புதுசா ஒரு ஆளும் வந்திருக்கான். குதிரையை ஏத்தினதை மறந்துட்டான் போல. கோவமெல்லாம் தீந்துடுச்சு.'

எழுந்து நின்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சுருட்டை இன்னும் வரவில்லை. மறுபடி உட்கார்ந்து, மறுபடி படித்தேன். அப்போதுதான் அதற்கு அடியில் என் பதில் இருப்பது உறைத்தது. இன்னும் படிக்கப்படவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ அவர் கண்ணில் அது பட்டால், ஈட்டிக்காரனுக்குக் கோபமும் இல்லை, அவன் மன்னிக்கவும் இல்லை, எல்லாம் பதினாலாவது வரிதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதே பதில் கண்ணில் பட்டால்தான் அவர் எனக்கு ஒரு வரியாவது எழுதுவார். திட்டியாவது எழுதுவார்.

வேறொரு பதில் எழுதலாமே என்று பார்த்தேன். என்ன எழுதினாலும், நீங்கள் யார், ஏன் எனக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பார். உண்மையைச் சொல்லாமல் அவரிடம் என்னால் பேசமுடியாது என்று தோன்றியது.

பதிலை நீக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மறுபடி திறந்து பார்த்தேன். அவர் எழுதியதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.