அங்கம்மாவுக்கு ஆரத்தி

பெஞ்சலம்மா பையிலிருந்து வீடியோ கேசட்டை எடுத்து ஸ்டூடியோ மேஜையில் வைத்ததும் மாலகொண்டய்யாவுக்குச் சிரிப்புதான் வந்தது. கேசட்டின் முன்பக்கம் முழுக்க மஞ்சள், நடுவில் வட்டமாகக் குங்குமம், இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று. முப்பது வருடத் தொழிலில் அவர் பார்க்காத கேசட் இல்லை. பொட்டு வைத்த கேசட்டை இன்றுதான் பார்க்கிறார்.

"என்னம்மா, இதுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்களா?"

"சிரிக்காதண்ணா. அக்கா மூஞ்சி போயிடுச்சு."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா என்றால் அங்கம்மா. நெல்லூர் ஜில்லாப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகத் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்த வருடம், பெஞ்சலம்மாவின் ஊரான கும்மரிபாலெத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றவள். அன்று மாலகொண்டய்யா பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்துவிட்டு, கடைசிக் கேசட்டில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சமிருக்க, காவலி டவுனில் இருக்கும் தன் ஸ்டூடியோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பெண்கள் சாராய வண்டியை மறித்து, பாக்கெட்டுகளைக் கிழித்து ரோட்டில் ஊற்றுவதைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கினார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, யாருக்காக எடுக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது. மூன்று நாள் அங்கேயே கிடந்து எடுத்தார். இன்றைக்கும் அந்தக் கேசட்டைப் போட்டால் முதல் பத்து நிமிடம் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து பூர்ணாலு இனிப்பு உருண்டை தின்பதுதான் வரும். போராட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதை வெட்டி ஒட்டி முக்கால் மணி நேரப் படமாக்கிக் கேபிள்காரனுக்குக் கொடுத்தார். டவுனில் ஒரு வாரம் ஓடியது. அப்புறம் அந்த மகானுபாவன் அதே கேசட்டில் ஏதோ சினிமாவைப் பதிந்துவிட்டான். மிஞ்சியது வெட்டாத மூலக் கேசட் ஒன்றுதான். சாராயக் குத்தகைக்காரனின் ஆட்கள் ஸ்டூடியோவைத் துழாவுவார்கள் என்ற பயத்தில் அதை அவர் கும்மரிபாலெம் பெண்களிடமே கொடுத்திருந்தார். அது அரிசிக் குதிருக்குள் போனது. அடுத்த வருடமே அங்கம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இருந்தது அந்தக் கேசட் மட்டுமே.

தங்கள் போக்கில் படமெடுத்தவர்களின் பழைய வீடியோக்களை அழியாமல் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் குழு ஒன்று ஐதராபாத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கேசட்டுகளைத் தேடிப் பிடித்து ஏற்றித் தருவது மாலகொண்டய்யாவின் பொறுப்பு. ஒரு வருடமாகக் கும்மரிபாலெத்துக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். "அம்மன் ஊர் எல்லை தாண்ட மாட்டா" என்று பதில் வந்தது. இப்போது அம்மனே மஞ்சள் பையில் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"தசராவுக்குத் தசரா போடுவோம்ணா. பொம்பளைங்க சங்கத்துல வீடியோ டெக் இருக்குல்ல. அக்கா மூஞ்சி வந்ததும் நிறுத்தி வச்சு, டிவிக்குப் பொட்டு வச்சு, தேங்கா உடைச்சு, ஆரத்தி எடுப்போம். ரெண்டு வருசமா அந்த இடத்துல ஒரே புள்ளி புள்ளியா வருது. போன தசராவுக்குச் சுத்தமாவே காணோம்." அவள் குரல் தணிந்தது. "ஊர்ல மறுபடி எல்லாரும் குடிக்கிறானுங்க. என் மகனும்தான். அக்கா கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. எனக்குத் தெரியும்."

மாலகொண்டய்யா கேசட்டின் திருகாணிகளைக் கழற்றினார். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சை, அதன் மேல் மஞ்சள் தூள். துணியால் நாடா நோகாமல் துடைத்துத் துடைத்துச் சுற்றியதில் மதியச் சாப்பாட்டு நேரமும் போனது. பெஞ்சலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவளைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு டெக்கில் போட்டு, கம்ப்யூட்டரில் பதிவை ஓட விட்டார். பந்தி வந்தது. ரோடு வந்தது. சாராயம் ஊற்றும் கைகள் வந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, துடைப்பத்தைத் தோளில் சாய்த்தபடி ஒருத்தி நடந்து வந்தாள். கிட்டே வந்தாள். நிமிர்ந்தாள். அந்த நிமிடமே திரை முழுக்க வெறும் இரைச்சல்.

அவர் டெக்கை நிறுத்தி, மூடியைத் திறந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சில் பழுப்பாய்ப் பொடி ஒட்டியிருந்தது. நாடாவில் படம் பதிந்திருந்த பூச்சுதான் அது. வேறொரு காரணம் சொல்லித் தப்பித்துவிடலாம். பூஞ்சை மேல் பழியைப் போட்டால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் பூஞ்சை ஏன் மூஞ்சியில் மட்டும் வந்தது என்று யோசிப்பாள், அக்கா கோபித்துக்கொண்டாள் என்ற எண்ணத்தோடுதான் பஸ் ஏறுவாள்.

"பெஞ்சலம்மா, உங்க அக்கா கோவிச்சுக்கல. நிறுத்தி வச்சீங்கல்ல, அப்ப படம்தான் நிக்கும். இந்த ஹெட்டு நிக்காது. உள்ள சுத்திக்கிட்டு, நாடாவுல அதே இடத்தத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். நீங்க ஆரத்தி எடுத்த நேரமெல்லாம் தேய்ச்சிருக்கு."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"அப்ப... நாங்க பாத்துப் பாத்தே அழிச்சிட்டமா?"

"அந்த பாஸ் பட்டன உங்களுக்குக் காட்டிக் குடுத்ததே நான்தானேம்மா. டெக் வாங்கின அன்னிக்கு நான்தான் வந்து மாட்டினேன். ரொம்ப நேரம் அமுக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேன். பாவம்னு பாத்தா என்னுதுதான்."

பெஞ்சலம்மா அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், வெகு நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"அந்தப் பஞ்சக் குடு."

கொடுத்தார். அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். "கோவம் இல்லன்னா சரிதான்" என்றாள். அந்தச் 'சரி'யைக் கேட்க அவருக்கு மனசே ஆறவில்லை.

"மிச்சத்தயும் ஏத்திடறேன். இதுக்கப்புறம் என்ன இருக்கு?"

"யாருக்குத் தெரியும்?"

"தெரியாதா? வருசா வருசம் போட்டீங்களே?"

"ஆரத்தி ஆனதும் டிவிய அணைச்சிடுவோம்ணா. ஆரத்தி வாங்கின அம்மன் எந்திரிச்சு நடந்து போனா நல்லாவா இருக்கும்?"

மாலகொண்டய்யாவுக்கும் ஞாபகமில்லை. அதற்குப் பின் எத்தனையோ கல்யாணங்கள் எடுத்துவிட்டார். டவுனில் ஓடிய படத்தில் அங்கம்மா நிமிர்ந்து பார்ப்பதோடு வெட்டியிருந்தார், அவ்வளவுதான் நினைவிருந்தது. மறுபடி ஓட விட்டார். இரைச்சல். மூன்று எண்ணினார், நான்கு எண்ணினார். ஒரு கோடு மேலேறியது. படம் நேற்று எடுத்ததுபோல் வந்து நின்றது.

வேப்ப மரத்தடி. அங்கம்மா அலுமினியத் தட்டில் சோறும் கோங்கூராக் கீரையும் பிசைந்துகொண்டிருந்தாள். முழு முகமும் தெரிந்தது. கன்னத்தில் பருக்கை ஒட்டியிருந்தது.

"இன்னும் ஓடுதாடா அது? அத அணைச்சிட்டு வந்து ஒரு வாய் தின்னுடா. ஒட்டடக்குச்சி மாதிரி இருக்க."

"அப்புறம் தின்றேன்க்கா" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் இளங்குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று புரிய மாலகொண்டய்யாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தன் குரல் வருகிறது என்றுதான் டவுனில் ஓடிய படத்தில் இந்த இடத்தை வெட்டியிருந்தார்.

அங்கம்மா பக்கவாட்டில் திரும்பினாள். "ஏ பெஞ்சலு! அங்க என்னடி வேடிக்க? காலைலேர்ந்து கத்தினியே, பச்சத் தண்ணி குடிச்சியா? வா இங்க."

ஒல்லியாக ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டே திரைக்குள் வந்தாள். அங்கம்மா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, பெரிய உருண்டையாக உருட்டி வாயில் திணித்தாள். பெண்ணால் மெல்ல முடியவில்லை. "நல்லா முழுங்கு. நாளைக்கும் கத்தணும்ல" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஸ்டூடியோவில் பெஞ்சலம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அறுபதை நெருங்கிய அவள் தொண்டை விழுங்குவதுபோல் ஏறி இறங்கியது.

அங்கம்மா தட்டைக் கழுவினாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்து கேமராவை நேராகப் பார்த்தாள். மாலகொண்டய்யாவின் விரல் தன்னையறியாமல் பாஸ் பட்டனுக்குப் போனது.

பெஞ்சலம்மா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வேணாம்ணா. நிறுத்தாத. அவ நடக்கட்டும்."

அங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவில் நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது. முனையில் திரும்பி மறைந்தாள். திரையில் காலித் தெருவும் ஒரு கோழியும் மட்டும் மிஞ்சின. பெஞ்சலம்மா கையை எடுக்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை.