ஒரிஜினல் ஸ்டிக்கர்

கண்ணில் படுகிற காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டாமல் விடமாட்டார் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பளபளா. லேமினேஷன் கடைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன பெயர் வைக்க முடியும்? அவரும் அதை ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டார். மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம், ஏன், ஒரு தம்பதியின் விவாகரத்துத் தீர்ப்பைக்கூடப் பூப்போட்ட ஓரம் வைத்து, ஆளுக்கொன்றாக ஒட்டிக் கொடுத்த கை அது.

பெருந்தொற்று வந்தது, தடுப்பூசி வந்தது, ஊசி போட்டதற்கு அத்தாட்சியாகச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு தாளும் வந்தது. தாளின் மூலையில் புள்ளி புள்ளியாக ஒரு கறுப்புச் சதுரம். இந்தத் தாளின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று யாரோ பளபளாவிடம் சொல்லிவிட்டார்கள். உயிர் என்றால் பாதுகாக்க வேண்டாமா? தங்க நிறத்தில் வட்ட ஸ்டிக்கர் அச்சடித்து, அதில் 'ஒரிஜினல்' என்று போட்டு, சரியாக அந்தச் சதுரத்தின் மேல் ஒட்டி, அதற்கும் மேலே லேமினேஷன் போட்டார். ஸ்டிக்கர் இலவசம். ஊரே வரிசையில் நின்று ஒட்டிக்கொண்டு போனது. சதுரத்தை மூடிவிட்டால் இயந்திரம் எதைப் படிக்கும் என்று கேட்க ஒரு ஆத்மா இல்லை. இயந்திரம் விமான நிலையத்தில் அல்லவா இருந்தது!

அந்த விமான நிலையத்துக்குத்தான் இன்று பளபளாவே வந்திருக்கிறார். மனைவி வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவள், எல்லைகளை மூடியதால் இரண்டேகால் வருஷமாக அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீடியோவில் பேசும்போது பாதி நேரம் அவள் முகம் அசையாமல் உறைந்து நிற்கும். அப்படி நிற்கிறபோது ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கும் பழகியிருந்தார், பாவம்.

இப்போது எல்லையைத் திறந்துவிட்டார்கள். கூடவே விதிகளையும் அவிழ்த்துவிட்டார்கள். தடுப்பூசித் தாள் அசலாக இருக்க வேண்டும், நகல் செல்லாது, போனில் காட்டினால் செல்லாது, கிழிந்திருந்தால் செல்லாது. நோய் இல்லை என்ற பரிசோதனை முடிவு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பளபளாவின் பரிசோதனைக்கு ஆயுள் இன்று மாலையோடு சரி. இந்த விமானத்தை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் விதியை மாற்றாமல் இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு டீச்சரம்மா. மகளின் பிரசவத்துக்குப் போகிறார். அவர் நீட்டிய தாளைச் சுகாதார அதிகாரி இயந்திரத்தின் கீழே வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"நீங்களுமா? என்னம்மா இது, தங்கக் காசு மாதிரி?"

"ஒரிஜினல்னு போட்டிருக்கே சார்."

"ஒரிஜினலுக்கு எதுக்கும்மா ஒரிஜினல்னு ஸ்டிக்கர்? இதைப் பாத்தாதான் டூப்ளிகேட் மாதிரி இருக்கு. ஓரமா நில்லுங்க."

பளபளா தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதிலும் அதே தங்கக் காசு. சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் ஏற்கெனவே எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் கையிலும் தங்கம் மின்னியது. டீச்சரம்மாவோடு ஒன்பது. பளபளா போய் நின்றார், பத்து. இரண்டு வருஷமாகத் திட்டித் தீர்த்த முகக்கவசத்தை அன்றுதான் மனசார வாழ்த்தினார். அதைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பிச்சு எடுத்துடலாம்னா தாளும் சேந்து வருது," என்றார் ஒரு வெல்டர்.

"ஒட்டினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்," என்று பல்லைக் கடித்த டீச்சரம்மா பளபளா பக்கம் திரும்பினார். "நீங்களும் அவன்கிட்டதான் ஒட்டினீங்களா?"

"ஆமாங்க. சுத்த அரைவேக்காடு," என்றார் பளபளா. கொஞ்சமும் வாய் கூசவில்லை.

திட்டு வளர்ந்துகொண்டே போனது. பளபளா நைசாக நழுவிக் கழிப்பறைக்குள் புகுந்தார். அங்கே சுவரில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தது. சூட்டுக்கு இளகாத பசை உலகத்தில் இல்லை என்பது அவர் தொழில் ரகசியம். தாளை அதன் சூடான காற்றில் காட்டினார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தார். உறையும் ஸ்டிக்கரும் கழன்று வந்தன, தாளில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்றே நிமிஷம்.

யாரையும் பார்க்காமல் நேரே கவுன்டருக்குப் போனார். பச்சை விளக்கு எரிந்தது.

"போகலாம். ஆனா கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளிய வந்தீங்கன்னா மறுபடி கடைசியிலதான் நிக்கணும். இன்னும் நாப்பது நிமிஷத்துல கவுன்டர் மூடிடுவோம்," என்றார் அதிகாரி.

கதவுக்கு அந்தப் பக்கம் போய் மனைவிக்கு வீடியோவில் போன் போட்டார். சந்தோஷத்தில் வாய் கொள்ளவில்லை. அந்த வாய்தான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டியது. கவுன்டர் எத்தனை மணிக்கு மூடும் என்பதைக்கூட விடவில்லை.

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. இந்த முறை உறைந்தது வீடியோ அல்ல.

"எத்தனை பேருங்க?"

"ஒம்போது."

"எல்லாம் நீங்க ஒட்டினதா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நீங்க உள்ள நிக்கிறீங்க?"

"ஏய், இந்த பிளைட்டை விட்டா மூணு வாரம்..."

"எனக்கும் எண்ணத் தெரியும்," என்றாள். "உங்களைப் பாக்காம நான் இங்க எப்படி இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா ஒரு பொண்ணு பிரசவ வலியில அம்மா எங்கன்னு கேக்கும்போது பக்கத்துல நிக்கறது என்னை மாதிரி ஒருத்திதான். அவகிட்ட போய், என் புருஷன் ஒட்டின ஸ்டிக்கராலதான் உங்கம்மா வரலைன்னு சொல்லவா?"

பளபளா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். டீச்சரம்மா ஒரு மூலையில் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதைப் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டாம் என்று பளபளாவுக்கு ஆத்திரமாக வந்தது. முனகிக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே வந்தார்.

"எல்லாரும் தாளை எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கு எடுக்கத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" வெல்டர் சந்தேகமாகக் கேட்டார்.

பளபளா முகக்கவசத்தை இறக்கினார்.

அடுத்த அரை நிமிஷம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. டீச்சரம்மாதான் முதலில் நிறுத்தினார். "திட்டறதை நடந்துக்கிட்டே திட்டுங்க, நேரமாகுது," என்றார். ஆண்கள் கழிப்பறை வாசலில் பெண்கள் தயங்கி நின்றபோது, "மூஞ்சியைத்தான் மூடியிருக்கோமே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று முதல் ஆளாக உள்ளே நுழைந்தவரும் அவர்தான். ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு மனிதர் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

டீச்சரம்மா தாள்தான் முதலில். அப்புறம் வெல்டர். சூடு, நகம், இழுப்பு. சூடு, நகம், இழுப்பு. ஒவ்வொருவராகக் கவுன்டருக்கு ஓட, ஒவ்வொரு முறையும் பச்சை. ஒன்பதாவது ஆளும் போன பிறகு பளபளா கடைசியாகத் தன் தாளோடு போய் நின்றபோது, விரல் நுனியெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது. கடிகாரத்தில் நான்கு நிமிஷம் மிச்சம்.

அதிகாரி தாளை வாங்கினார், இயந்திரத்தில் வைத்தார். பச்சை எரிந்தது. ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. பளபளாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த ஆளா?"

பளபளாவின் தலை தானாகக் குனிந்தது. போச்சு, அரசாங்க ஆவணத்தைச் சேதப்படுத்தினதுக்கு உள்ளே தள்ளப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி இடமும் வலமும் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். தங்கமாக மின்னியது.

"எங்கம்மாவோடது. அடுத்த வாரம் என் தங்கச்சிகிட்ட போறாங்க. இலவசமா தர்றான்டான்னு சந்தோஷமா ஒட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரு மாசமா இதைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறேன், நானே சுகாதார அதிகாரி, வெளிய சொல்லவும் முடியல. அதான் தெரியாத மாதிரி எல்லாரையும் ஓரமா நிக்க வச்சேன்."

"சார், கவுன்டர் மூட நாலு நிமிஷம்தான்..."

அதிகாரி போனை எடுத்து யாரிடமோ, "கதவை மூடாதீங்க. ஒரு பயணிக்குச் சரிபார்ப்பு பாக்கி இருக்கு," என்றார். பிறகு கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். "அவசரமே இல்ல. கிழிச்சுடாதீங்க, அவ்வளவுதான்."

அம்மாவின் தாள் கீறலில்லாமல் வந்தது. அதைப் பதமாக இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, "ஓடுங்க," என்றார் அதிகாரி.

பளபளா ஓடினார். இரண்டேகால் வருஷம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவன் எப்படி ஓடுவானோ, அப்படி ஓடினார்.