ஐயோசாமியின் விரல்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எறும்பு கடித்தால் ஐயோ, சட்டைப் பொத்தான் அறுந்தால் ஐயோ, டீ ஆறிப்போனால்கூட ஐயோ என்று அலறுகிறவனுக்கு ஐயோசாமி என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. வைத்தவள் அவனுடைய அக்காதான். தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்துவிட்டு அவன் கட்டிலுக்கு அடியில் பூந்துகொண்ட அன்றைக்கு வைத்தாள். மீசை முளைத்துக் கல்யாணப் பேச்சு நடக்கிற வயதிலும் அந்தப் பெயர் அவனை விடவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். சொந்தமாக ஒரு சர்வீஸ் கொட்டகை வைத்திருந்தார். அவர் லாரிக்கு அடியில் கிடப்பார், மச்சினன் கிரீஸ் அடிப்பான், அக்கா தண்ணீர்க் குழாயும் கையுமாக வண்டி கழுவுவாள். மூன்று பேருக்கும் ஒரே பிழைப்பு, ஒரே சோற்றுப் பானை.

அன்று காலை கிரீஸ் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. காற்றழுத்தத்தில் ஓடுகிற சாமான் அது. இரும்பு மூட்டுக்குள்ளேயே கிரீஸை ஏற்றிவிடும், அவ்வளவு வேகம். நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? இடது கையால் விசையைப் பிடித்தபடியே வலது ஆள்காட்டி விரலால் முனையைத் துடைத்தான். அடைப்பு அந்த நேரம் பார்த்து விட்டுக்கொண்டது.

"ஐயோ!" கொட்டகையே அதிர்ந்தது.

லாரிக்கு அடியில் குனிந்து நின்ற மெக்கானிக், என்னவோ ஏதோ என்று பதறித் தலையைத் தூக்கினார். மேலே இரும்புப் பட்டையின் விளிம்பு இருந்தது. நெற்றிமேட்டிலிருந்து உச்சி வரை கிழிந்து, முகம் தெரியாமல் ரத்தம் வழிந்தது.

அக்காவுக்கு உயிரே போன மாதிரி இருந்தது. குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கையில் கிடைத்த துண்டைச் சுருட்டி அவர் தலையில் வைத்து அழுத்தினாள். ஆட்டோக்காரர் வந்து நின்று, "எங்கம்மா விடணும்? மூலை கிளினிக்கா, பெரியாஸ்பத்திரியா?" என்றார். "தலைங்க அது! பெரியாஸ்பத்திரிக்கே விடுங்க" என்றாள். அதில் அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தம்பியும் கூடவே ஏறி, மாமாவின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டான்.

அவசரப் பிரிவில் மெக்கானிக்கை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவும் தம்பியும் வெளியே நின்றார்கள். அவள் புடவையெல்லாம் ரத்தம். அப்போதுதான் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, எனக்கும் விரல்ல குத்திடுச்சு. மரத்துப்போன மாதிரி இருக்கு. வந்ததுதான் வந்தோம், நானும் காட்டிடட்டுமா?"

அவள் விரலைப் பார்த்தாள். நுனியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது ஒரு காயமா? கொசு கடிச்சாகூட இதைவிடப் பெருசா தடிக்கும். நீ போட்ட ஐயோவாலதான்டா அந்த மனுஷன் மண்டை பிளந்து உள்ள கிடக்கிறாரு. இதைக் கொண்டுபோய் அவங்ககிட்ட நீட்டினா சிரிக்க மாட்டாங்களா? மூடிக்கிட்டு உக்காரு."

அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, "பயப்படாதீங்க, மேல்தோல்தான் கிழிஞ்சிருக்கு. தலைன்னா ரத்தம் அப்படித்தான் கொட்டும்" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அவன் வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

தையல் போட்டுக்கொண்டு வந்த மெக்கானிக், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஆனா மாப்ள, அடுத்த தடவை ஐயோ போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்துட்டுப் போடு, நான் தலையைக் காப்பாத்திக்கிறேன்" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான்.

சாயங்காலம் விரல் வலிக்க ஆரம்பித்தது. அவனே மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தான். "வெந்நீர்ல வச்சு எடுங்க, சரியாப் போயிடும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றான். அக்காவுக்குக் கோபமெல்லாம் எப்போதோ வடிந்திருந்தது. திட்டிய பாவத்துக்குப் பரிகாரம் போல அவளே வெந்நீர் வைத்தாள். கை பொறுக்கிற சூட்டில் விளாவி, அவன் கையைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் அமிழ்த்தினாள். விரல் வெளிறி, மெழுகு போல இறுகிக் கிடந்தது. அவன் தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். ஐயோ என்று ஒரு சத்தம் இல்லை. அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"வேணாங்கா. ஒரே நாள்ல ரெண்டு தடவை போனா ஊரே சிரிக்கும். விடியட்டும், பாத்துக்கலாம்."

அவன் வேண்டாம் என்றதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அலைச்சலும் பயமுமாக உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. விடியட்டும் என்று அவளும் படுத்துவிட்டாள்.

விடிந்தபோது விரல் கறுத்திருந்தது. உள்ளங்கை வீங்கி, மணிக்கட்டுவரை சிவப்பேறியிருந்தது. மெக்கானிக் தலைக்கட்டோடு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். இந்தத் தடவை எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அதே டாக்டரம்மாதான் இருந்தார். கையைப் பார்த்தார், எப்படி ஆயிற்று என்று கேட்டார். கிரீஸ் துப்பாக்கி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வெளியே புள்ளிதான் தெரியும். உள்ளே கிரீஸ் விரல் பூரா ஓடி உள்ளங்கை வரைக்கும் போயிருக்கும். ரத்தம் வரலை, வலிக்கலைன்னு இதையெல்லாம் விடவே கூடாது. கிளினிக், மருந்துக்கடைன்னு எங்கயும் நிக்காம நேரா இங்க வந்திருக்கணும். வீட்ல என்ன பண்ணீங்க?"

"வெந்நீர்ல வச்சோம்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். "சூடும் வைக்கக் கூடாது. நேத்தே கீறி எடுத்திருந்தா இந்த விரலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

"நேத்து இங்கதான் இருந்தோம் டாக்டரம்மா" என்றார் மெக்கானிக், பாவம், ஒன்றும் தெரியாமல். "நீங்கதான் எனக்குத் தையல் போட்டீங்க. இவன் வாசல்லதான் உக்காந்திருந்தான்."

டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார். "இங்கயே இருந்தியா? அப்போ ஏன்பா காட்டலை?"

"எனக்குத் தெரியலீங்க" என்றான் அவன். "வலிக்கவே இல்லை. நான்தான் சும்மா இருந்துட்டேன்." அக்கா இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மெக்கானிக்குக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எதுக்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுவியேடா! இதுக்கு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னா என்ன?" அவன் குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டான்.

பேசாமல் இருந்துவிட்டால் போதும், பழி அவனோடு போய்விடும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

"சொன்னான்" என்றாள் கணவரிடம். "வாயைத் திறந்துதான் சொன்னான். காட்டிடட்டுமான்னு கேட்டான். நான்தான் மூடிக்கிட்டு உக்காருன்னேன்."

"விடுக்கா" என்றான் தம்பி.

டாக்டரம்மா அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கங்க. போறது இந்த ஒரு விரலோட நிக்குமான்னு திறந்து பாத்தாதான் தெரியும். வழி விடுங்கம்மா."