ஒண்ணே முக்கால் லட்சத்துக்குச் சிவப்புக் கார்

எங்க வூட்டுக்காரரு ராஜாமணிக்கு ரெண்டே பேரு உக்காரற கார் வேணுமாம். மேல கூரை கெடையாது. மழை வந்தா ஒரு படுதாவ இழுத்து மூடிக்கணும். பின்னாடி ஒரு மூட்டை புண்ணாக்குகூட வைக்க முடியாது. அறுபது வருசத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார். "அப்ப எதுக்குங்க அது?"ன்னு கேட்டேன். "ஓட்டறதுக்கு"ன்னாரு. ராஜாமணி கிட்ட கேள்வி கேட்டா பதில் சரியாத்தான் இருக்கும், புத்திதான் இருக்காது.

நாங்க அதியமான்கோட்டை. வூட்டுக்கும் ஹைவேக்கும் நடுவுல எங்க மரவள்ளிக் காடு ஒண்ணுதான். போன தையில பெங்களூர்க்காரங்க பழைய கார்ங்களா வரிசையா சேலம் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அதுல ஒரு சிவப்பு வண்டி டீ குடிக்க நின்னுச்சு. இவரு கையில மண்வெட்டியோட போயி அதைச் சுத்திச் சுத்தி வந்திருக்காரு. வண்டிக்காரன் மனசு எரங்கி உள்ள உக்கார வெச்சிருக்கான். அன்னிக்கி சோத்துல மோர ஊத்திக்கிட்டு, பிசையாமயே உக்காந்திருந்தாரு. "வெல கேட்டேன். இருவது லட்சமாம்"னாரு. அப்பாடா, அத்தோட வுட்டுச்சுன்னு நெனச்சேன்.

வுடல. வைகாசியில அதே மாதிரி ஒண்ணு அவரு போன்லயே வந்துருச்சு. அதே சிவப்பு, அதே ரெண்டு சீட்டு, வெல மட்டும் ஒண்ணே முக்கால் லட்சம். விக்கறவன் பேரு பிரபாகராம், ஓசூராம், வெளிநாடு போறானாம். மொதல்ல இருவதாயிரம் அட்வான்ஸ் போன்லயே போட்டுறணுமாம். போட்டா வண்டிய லாரியில ஏத்தி வாசல்லயே எறக்கிடுவானாம்.

"இருவது லட்ச ரூவா வண்டிய ஒண்ணே முக்காலுக்கு எவங்க குடுப்பான்?"

"அவனுக்கு அவசரம்."

"அவசரம்னா பதினஞ்சுக்குக் குடுப்பான். நம்ம கெழங்க நீங்க அவசரத்துக்குப் பத்துல ஒரு பங்கு வெலைக்கா வித்தீங்க?"

"போன வருசம் அப்படித்தான் வித்தேன்"னாரு. அது நெசம்.

மறுநாளு போட்டோங்கள நானே ஒக்காந்து பாத்தேன். ஒண்ணுல ஸ்டியரிங் வலது பக்கம் இருக்குது, இன்னொண்ணுல இடது பக்கம் இருக்குது. நம்பர் பிளேட்டு மேல வெரல வெச்சு மறைச்சிருக்கான். ஏன்னு கேட்டா, திருட்டுப் பசங்க நம்பர எடுத்து ஏமாத்திருவாங்கன்னு பிரபாகர் சார் சொன்னாராம். வண்டிக்குப் பின்னாடி பனி கொட்டிக் கெடக்குது.

"ஓசூர்ல ஏதுங்க பனி?"

"ஓசூரு குளுரு ஊருதான்."

நேர்ல போயிப் பாத்துட்டு வரலாம், பஸ்ஸு ஏறினா ஓசூரு, அதுக்கென்னான்னு சொன்னேன். போன் போட்டுக் கேட்டாரு. அட்வான்ஸ் போடாம யாருக்கும் காட்டறதில்லையாம்.

இப்ப என் கையப் பத்திச் சொல்லணும். எனக்குப் புள்ள இல்ல. புள்ள இல்லாதவள நல்ல காரியத்துல எங்க நிக்க வெப்பாங்கன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். கூப்புடாம இருக்க மாட்டாங்க. கூப்புட்டு, கடைசியில நிக்க வெப்பாங்க. நிக்கறவளுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். அப்பிடி இருக்கையில பக்கத்துக் காட்டுக்காரரு மாது தண்ணிக்குப் போர் போட்டாரு. தேங்கா ஒடைக்க அவரு பொண்டாட்டி ஊர்ல இல்ல, நான் ஒடைச்சேன். தண்ணி பீச்சிக்கிட்டு அடிச்சுது. அன்னியில இருந்து கோகிலவாணி கை ராசியான கை. மொத வெதை போடறது, மாட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறது, புது வூட்டுல பால் காச்சறது எல்லாத்துக்கும் என்னத்தான் கூப்புடறாங்க.

ராசியாவது மண்ணாவது! நான் பாத்துட்டுத்தான் கை குடுப்பேன். வெதைன்னா ஒரு புடி வாங்கி ஈரத்துணியில முடிஞ்சு வெச்சு மொளைக்குதான்னு பாப்பேன். மாடுன்னா விக்கறவன் ஊர்ல விசாரிப்பேன். சரியில்லன்னா அன்னிக்கி நான் வூட்டுக்குத் தூரம். தூரமானவ கையால யாரு ஆரம்பிப்பாங்க? ரெண்டு நாளு தள்ளிப் போச்சுன்னா அந்த மாட்டோட யோக்கியத தானா வெளிய வந்துரும். சில மாசம் மூணு தடவகூட தூரமாயிருக்கேன். எவளும் கணக்குப் பாக்கல.

இவரு கை நேர் எதிரு. மூணு எடத்துல போர் போட்டாரு, மூணுலயும் புழுதிதான் பறந்துச்சு. அதனால அட்வான்ஸ நான்தான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. என் கைராசியப் பத்தி அந்தப் பிரபாகர்கிட்டயும் பெருமை அடிச்சிருக்காரு. "அப்ப மேடம் கையாலயே போடச் சொல்லுங்க சார். வெள்ளிக்கெழம ராகு காலம் முடிஞ்சப்பறம் போடுங்க"ன்னானாம். எவ்ளோ நல்ல மனுசன் பாருன்னாரு. ஏமாத்தறவன் காலண்டர் பாத்து ஏமாத்தறான்!

வெள்ளிக்கெழம மதியம் சாமி படத்துக்கு முன்னாடி தாம்பாளத்துல போன வெச்சு, பூ வெச்சு, கற்பூரம் காட்டினாரு. இருவதாயிரம்னு அடிச்சு வெச்சிருக்குது. நான் அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

மத்தவங்ககிட்ட சொல்றதை இவருகிட்ட சொல்ல முடியாது. ஒரே வூடு. காலையிலதான் இவரு கண்ணு முன்னாடி வெளக்கு ஏத்தினேன். அழுத்துனா காசும் போவும், கோகிலா கை கெட்டுப் போச்சுன்னு பேரும் வரும். அழுத்தலைன்னா, இந்த ராசியே பொய்னு சொல்லணும். இவரு வாயில ஒரு விசயத்தப் போட்டா, டீக்கடையில டீ ஆறறதுக்குள்ள ஊரே குடிச்சிரும். எனக்குக் கண்ணாடி போடணும்னு டாக்டர் சொன்னது, நான் வூடு வந்து சேர்றதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சுது.

நாளான்னிக்கி எங்க தெரு எழிலரசிக்கு வளைகாப்பு. அவ மாமியாரு கோவிந்தம்மா வாசப்படி ஏறி வந்து, "மொத வளையல் நீதான் போடணும் கோகிலா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்குது. புள்ள இல்லாதவ கையால மொத வளையல். எங்க ஊர்ல நடக்காத காரியம். அது சொல்லிட்டுப் போனதுல இருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல, சந்தோசத்துல.

"அழுத்து புள்ள, கற்பூரம் அணையுது."

"ஏங்க, என் கையில ராசி எல்லாம் ஒண்ணும் இல்லீங்க"ன்னேன்.

சொல்லிட்டேன். வெதை, மாடு, மாதுவோட போரு, பொய்யாத் தூரமானது, எல்லாத்தையும் மூச்சு வுடாம கொட்டிட்டேன். கற்பூரம் அணைஞ்சு போச்சு. அவரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"தெரியும்"னாரு.

"என்னா தெரியும்?"

"மாது போர் போடறதுக்கு மொத நாளு சுத்தியிருக்கற கெணத்துல எல்லாம் தண்ணி எவ்ளோ கெடக்குதுன்னு நீ எட்டி எட்டிப் பாத்துட்டு வந்தியே, நான் வரப்புல நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் என்னா எழவுக்குங்க என்னை அழுத்தச் சொன்னீங்க?"

அவரு போன எடுத்து அந்தச் சிவப்பு வண்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "பனியப் பாத்தப்பவே எனக்கும் தெரிஞ்சுருச்சு. ஆனா வேண்டாம்னு என் வாயால வரல. நீ சொல்லிடுவன்னு பாத்தேன்."

அட பாவி மனுசா! நான் சோறு எறங்காம கெடந்திருக்கேன். தாம்பாளத்தத் தூக்கி அடிச்சிருப்பேன், சாமி பூவு இருந்துச்சு. திடீர்னு இவரு ஓட்டவாய் ஞாபகம் வந்துச்சு.

"டீக்கடையில சொன்னீங்களா?"

"இல்ல."

"மாதுகிட்ட?"

"யாருகிட்டயும் இல்லங்கறேன்ல. அதைச் சொல்லிட்டா அப்பறம் எவ உன்னை முன்னாடி நிக்க வெப்பா புள்ள?"

எனக்கு அழுகை வந்துருச்சு. இத்தன வருசம் இந்த ஓட்டவாயில இது ஒண்ணு மட்டும் தங்கியிருக்குது. அந்த நேரம் பாத்துப் போன் அடிச்சுது. "மேடம், போட்டாச்சுங்களா?"ன்னான் பிரபாகர். நான் அவனுக்குச் சொன்ன பதில் சாமி படத்துக்கு முன்னாடி சொல்ற பதில் இல்ல. அதுக்கப்பறம் அவன் கூப்புடல. போட்டோ மட்டும் இருக்கட்டுமான்னு இவரு கேட்டாரு. இருக்கட்டும்னேன்.

ஞாயித்துக்கெழம வளைகாப்புக்குப் போனோம். ஆம்பளைங்க எல்லாம் வெளிய பந்தல்ல உக்காந்திருந்தாங்க. நான் உள்ள எழிலரசிக்கு எதிர்ல உக்காந்து, சந்தனத்தத் தொட்டு வெச்சுட்டு வளையல எடுத்தேன். அப்ப பந்தல்ல இருந்து இவரு கொரலு. "கற்பூரம் எரியுது, இவ கை அப்படியே அந்தரத்துல நின்னுருச்சுப்பா! பொத்தான் மேல எறங்கவே இல்ல. அப்பறந்தான் தெரியுது, அவன் பலே திருடன்னு. ராசின்னா இது ராசி! என் இருவதாயிரத்தக் காப்பாத்தின கை!"

உள்ள இருந்த பொம்பளைங்க எல்லாரும் என் கையப் பாத்தாங்க. எனக்குக் கண்ணு மறைச்சு, வளையல் எது, எழிலரசி கை எதுன்னே தெரியல.

"அழுவாம போடு கோகிலா, நல்ல நேரம் போவுது"ன்னுச்சு கோவிந்தம்மா. போட்டேன்.