மூன்றாவது மணியில்

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் செல்போனை எடுக்க வேண்டியிருந்தது. பால்கனி நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தியபோதும் அந்தக் கை போனை விடவில்லை. டாக்டர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது மணி மூன்று முப்பத்தைந்து. மூன்றே முக்காலுக்குத் தம்பி கூப்பிடுவான். அது நினைவுக்கு வந்ததும் மூத்தவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

தம்பி குத்துச்சண்டைக்காரன். இன்றைக்கு வெளியூரில் அரையிறுதி. சண்டைக்கு முன்னால் அவனுக்கென்று சில முறைகள் உண்டு. இடது கைக்குத்தான் முதலில் துணி சுற்றுவான். காலுறையை உட்புறம் வெளியே வருகிற மாதிரி போடுவான். கடைசியாக, கிளவுஸ் மாட்டுவதற்கு முன், அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால். மூன்றாவது மணியில் அப்பா அதைக் கட் பண்ண வேண்டும். பேசக் கூடாது. அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்கவும் கூடாது என்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்வார். சண்டை முடிந்ததும் மறுபடி ஒரு மிஸ்டு கால் வரும். "ஜெயிச்சியா தோத்தியா, அதெல்லாம் எனக்கு வேண்டாம். சொந்தக் கால்ல நடந்து வெளிய வந்தியா, அது தெரிஞ்சா போதும்" என்பது அப்பா போட்ட சட்டம்.

அப்பனுக்கும் பிள்ளைக்கும் மரை கழன்றுவிட்டது என்று அவளும் சிரித்தவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அப்பா காய்ச்சலில் அசந்து தூங்கிவிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்குத் தம்பியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். தாடையில் கம்பி கட்டி, ஒன்றரை மாதம் ஸ்ட்ராவில் பால் குடித்தான். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

"போனையே பார்த்துக்கிட்டு நின்னா எப்படி?" என்றாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. "தம்பிக்குச் சொல்லு. கிளம்பி வரட்டும்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் ரிங்குக்குள்ள ஏறணும் அத்தை."

"ஏறாம இருக்கட்டுமே. பெத்த அப்பனைவிட இந்த அடிதடி பெரிசா?"

"ஏறாம இருந்தா பரவாயில்ல. இதைக் கேட்டுட்டு ஏறினா?"

அத்தை அண்ணனின் வேட்டியை இழுத்துச் சரிசெய்தாள். "ஏன்க்கா மறைச்சேன்னு நாளைக்குக் கேப்பான். அப்ப என்ன சொல்லுவே?"

"கேக்கறதுக்கு அவனுக்கு வாய் இருக்கட்டும். அது போதும் எனக்கு."

பழைய பட்டன் போன் அது. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, எத்தனையோ கட்டடங்களின் பொத்தான்களைக் கழற்றி மாட்டிய மனிதர், இந்தப் போனை மட்டும் மாற்ற விடவில்லை. வலது பக்கம் சிவப்புப் பொத்தான். இடது பக்கப் பொத்தானின் மேல் அழுக்கேறிய பிளாஸ்திரித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. உடைந்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. திரையில் 'சின்னவன்'.

எடுத்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். விட்டுவிட்டால் அந்த ஸ்ட்ரெச்சர். இரண்டாவது மணி. மூன்றாவது மணியில் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை அழுத்தினாள். செத்தவருடைய கையெழுத்தைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

நாலு மணிக்குச் சண்டை. மூன்று சுற்று. நாலேகாலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். யாரோ அவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்கள். அவள் மடியில் இருந்த போனைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நாலே கால். நாலு இருபது. இல்லாத மனிதரின் பெயரில் தம்பியை உள்ளே அனுப்பியவள் அவள்தான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அதற்கும் அவள்தான்.

"இன்னும் அடிக்கலியா?" என்றாள் அத்தை. அவளும் இப்போது அண்ணனைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு முப்பத்தொன்றுக்கு அடித்தது. இரண்டு மணி அடித்து நின்றது. அத்தை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மூத்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உடனே அவளுடைய சொந்தப் போன் அடித்தது.

"அக்கா."

"நடந்துதானே வந்தே?"

"நடந்துதான். தோத்துட்டேன். உதடு மட்டும் கிழிஞ்சிருக்கு." பின்னால் கூட்டத்தின் இரைச்சல். "அப்பா எப்பப் போனாரு?"

"யாருடா சொன்னது?"

"நீதான். மூணாவது மணியில கரெக்டா கட் பண்ணினியே. அவர் இருந்தா அந்தப் போனை உன் கையில விட்டிருப்பாரா? அப்பாவுக்குக் கட் பண்ணவே வராதுக்கா. எட்டு வருஷமா, அந்தக் காய்ச்சல் நாளைத் தவிர, ஒவ்வொரு தடவையும் எடுத்துடுவாரு. 'அடச்சே, எடுத்துத் தொலைச்சிட்டேனே, எது பச்சை எது சிவப்புன்னே தெரியலடா'ன்னு புலம்பிட்டு வைப்பாரு. அதைக் கேட்டுட்டுத்தான் கிளவுஸ் மாட்டுவேன்."

"தெரிஞ்சேவா உள்ள ஏறினே?"

"ரொம்பப் பயமா இருந்துச்சுக்கா" என்றான். "முதல் தடவையா."

"அப்புறம் எதுக்குடா முடிஞ்சதும் அவர் நம்பருக்கு அடிச்சே?"

"நீ கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்னு தெரியும்." மூக்கை உறிஞ்சினான். "ஏழு மணிக்குள்ள வந்துடறேன்."

வைத்துவிட்டான். மூத்தவள் அப்பாவின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, அவருடைய போனை எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்பு ஒன்று என்று காட்டியது. பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். அடியில் பொத்தான் உடைந்திருக்கவில்லை. புதுப் போனில் இருப்பதுபோலப் பளிச்சென்று பச்சையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூடக் கட்டைவிரல் தேடாமல் அங்கேதான் போய் நிற்கும். தெரியாமல் எடுத்த கை இல்லை அது.

அத்தை என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, பிளாஸ்திரியைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, நன்றாக ஒட்டும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.